சிங்கப்பூரிலிருந்து ஆஃப்-பிஸ்ட் பனிச்சறுக்கு: கைடை முதலில் பிடியுங்கள், டிக்கெட்டை அப்புறம் போடுங்கள்

சறுக்குத்தளங்களில் இரவோடு இரவாக இயந்திரம் ஓட்டிச் சமன்செய்து, ஓரத்தில் கோல் நட்டு, பனிச்சரிவு அபாயம் இருக்கிறதா என்று ஊழியர்கள் பார்த்துத் திறந்துவிடும் பாதைக்குப் பிஸ்ட் என்று பெயர். அதைவிட்டு வெளியே போனால் ஆஃப்-பிஸ்ட். யாரும் சமன்செய்யாத பனி, யாரும் பொறுப்பேற்காத இறக்கம். முழங்கால் ஆழப் பவுடரில் (புதிதாக விழுந்த தூள்பனியில்) மிதந்து இறங்கும் சுகமும் அங்கேதான், ஆளை மூடிவிடும் பனிச்சரிவும் அங்கேதான்.

ஜப்பானுக்கோ கொரியாவுக்கோ சில முறை போய்ச் சறுக்கக் கற்றுக்கொண்டு, இப்போது ஒரு கைடோடு வெளியே இறங்கிப் பார்க்க ஆசைப்படும் சிங்கப்பூர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை, வெள்ளிக்கிழமை மாலை காரை எடுத்தால் ராத்திரிக்குள் மலைக்குப் போய்விடக்கூடியவர்களுக்காக எழுதப்பட்டவை. நமக்குப் பக்கத்துப் பனி என்பதே ஏழு மணி நேர விமானப் பயணம். விசா, காப்பீடு, ராணுவ ரிசர்விஸ்ட் பயிற்சி, பள்ளி விடுமுறை, ஸ்டோர் ரூமில் பசை விட்டுப்போன ஜாக்கெட் என்று நம் பிரச்சினைகளே வேறு.

பொதுவாக என்ன நடக்கிறது? விமான டிக்கெட் மலிவாக வருகிறது, போட்டுவிடுகிறோம். அடுத்து விடுதி. கடைசியில் கைடைத் தேடினால் அந்த வாரம் ஒருவரும் காலியில்லை. காப்பீடோ கிளம்பும் முந்தின நாள் ஞாபகத்துக்கு வருகிறது. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள்.

1. உங்கள் தரத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள்

எந்தக் கைடு நிறுவனத்துக்கு எழுதினாலும் முதலில் ஒரு படிவம் வரும்: எத்தனை வாரம் சறுக்கியிருக்கிறீர்கள், எந்த நிறப் பாதை வரை, பவுடரில் அனுபவம் உண்டா. இதில் கொஞ்சம் மிகைப்படுத்தத் தோன்றும். வேண்டாம். குழுவில் ஒருவர் தடுமாறினால் கைடு மொத்தக் குழுவையும் சுலபமான இடத்துக்குத்தான் கூட்டிப்போவார். மிகவும் சிரமப்பட்டால் மதியமே உங்களைத் திருப்பி அனுப்பிவிடலாம். பணம் திரும்ப வராது.

நான் வைத்திருக்கும் சோதனை இது. காலை ஒன்பது மணிக்குச் சீவி வைத்த பாதையில் அழகாகத் திரும்புவது கணக்கில் வராது. மதியம் மூன்று மணிக்கு, எல்லாரும் கிளறிப்போட்டு மேடும் பள்ளமுமாகிவிட்ட கறுப்புப் பாதையில் (மிகக் கடினமான தரம்), வேகத்தைக் கட்டுக்குள் வைத்து, வழியில் உட்காராமல் இறங்க முடிகிறதா? குறுகலான இடத்தில் பக்கவாட்டில் வழுக்கி இறங்கத் தெரியுமா? நின்ற இடத்திலேயே ஸ்கீயை (காலில் மாட்டும் சறுக்குப்பலகையை)த் தூக்கித் திசை மாற்றத் தெரியுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் கைடுக்கு எழுதலாம். இல்லையென்றால் அடுத்த பயணத்தில் ரிசார்ட் எல்லைக்குள்ளேயே ஒரு பயிற்றுநரோடு ஒரு நாள் பவுடர் பாடம் எடுங்கள். அதற்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

சிங்கப்பூரில் சுழலும் கம்பளத்தில் பயிற்சி தரும் உள்ளரங்கங்கள் இருக்கின்றன. கால் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க நல்லது. ஆனால் பவுடரில் ஸ்கீ மூழ்கி மேலே வரும் அசைவைக் கம்பளம் கற்றுத்தராது.

ஸ்னோபோர்டு ஓட்டுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆஃப்-பிஸ்ட்டில் தட்டையான இடங்களைக் கடக்க வேண்டியிருக்கும். கோல் இல்லாமல் இடுப்பளவு பனியில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

2. இடமும் மாதமும்

நம் பள்ளி நாட்காட்டியும் பனியின் நாட்காட்டியும் ஒத்துப்போகவே போகாது. டிசம்பர் விடுமுறையில்தான் குடும்பங்களுக்கு நேரம் கிடைக்கிறது. ஆனால் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் டிசம்பர் முற்பகுதியில் அடிப்பனி போதாமல் சாசா மூங்கில் புதர்கள் தலைநீட்டிக்கொண்டிருக்கும். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவது ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரைதான் உச்சத்தில் இருக்கும். அதற்குள் சீனப் புத்தாண்டு வந்துவிடும். அந்த வாரம் ஹொக்கைடோவின் சறுக்குத்தளமான நிசேகோவில் விடுதி விலை கண்ணைக் கட்டும். பிள்ளைகளின் பள்ளி குறுக்கே நிற்காதவர்களுக்கு நான் சொல்வது: பொங்கல் முடிந்து, சீனப் புத்தாண்டுக்கு முன் உள்ள வாரங்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்கள், விரதம் இருக்கிறவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் இதே சமயத்தில்தான் வரும்.

மார்ச் பள்ளி விடுமுறை ஒரு வாரம்தான் கிடைக்குமென்றால் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் பக்கம் பாருங்கள். உயரம் அதிகம் என்பதால் மார்ச்சிலும் பனி நிற்கும். ஜூன் விடுமுறைக்கு நியூசிலாந்து என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே சறுக்குத்தளங்கள் திறப்பதே ஜூன் மாதத்தில்தான். ஆஃப்-பிஸ்ட்டுக்கு அது சீக்கிரம்.

முதல் பயணத்துக்கு என் ஓட்டு நிசேகோவுக்கு. அன்னுபுரி மலையின் உச்சியே 1,308 மீட்டர்தான், அதனால் உயரத்தால் வரும் தலைவலி இல்லை. ஆங்கிலம் பேசும் கைடுகள் நிறைய. பனிமூட்டத்தில் மேலே ஒன்றும் தெரியாத நாளில் மரங்களுக்கு நடுவே சறுக்கலாம். எல்லைக்கு வெளியே போவதற்கென்று வாசல்கள் வைத்திருக்கிறார்கள். ரோந்துக் குழு நிலைமையைப் பார்த்துத் திறக்கும், மூடும். கயிற்றுக்கு அடியில் நுழைந்து போவது அங்கே கடுமையான விதிமீறல். லிஃப்ட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். நாகானோவில் உள்ள ஹகுபா இன்னும் செங்குத்து. மரங்கள் வளரும் உயரத்துக்கு மேலே திறந்த சரிவுகள் அங்கே அதிகம். இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரான்ஸின் ஷாமொனியில் உள்ள வாலே பிளான்ஷ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 3,842 மீட்டர் உயர எய்கி து மிடி சிகரத்திலிருந்து பனியாற்றின் மேல் சுமார் 20 கிலோமீட்டர் இறக்கம். சறுக்குவதற்கு அது அவ்வளவு கடினமான பாதை இல்லை. ஆபத்து பனிப்பிளவுகளில் இருக்கிறது. அது தவிர, கேபிள் காரைவிட்டு இறங்கியதும் இருபக்கமும் பள்ளம் விழும் கூர்மேட்டில் கயிறு கட்டி நடந்துதான் சறுக்கத் தொடங்கும் இடத்துக்குப் போக வேண்டும். உயரத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு அந்த நடைதான் நாளின் மோசமான பகுதி. முதல் நாளே அங்கே போகாதீர்கள். உடம்பு உயரத்துக்குப் பழக ஓரிரு நாள் கொடுங்கள்.

3. கைடைப் பிடிப்பது

ஜனவரி, பிப்ரவரிக்குக் கைடு வேண்டுமென்றால் முந்தின ஜூன், ஜூலையிலேயே எழுதத் தொடங்குங்கள். சீனப் புத்தாண்டு வாரமென்றால் அதற்கும் முன்னால்.

தகுதியைக் கேட்க வெட்கப்படாதீர்கள். உலகளவில் மதிக்கப்படுவது ஐஎஃப்எம்ஜிஏ என்ற மலைக்கைடுகள் கூட்டமைப்பின் சான்று. பிரெஞ்சில் அதையே யுஐஏஜிஎம் என்பார்கள். ஜப்பானில் ஜப்பான் மலைக்கைடுகள் சங்கம் ஸ்கீ கைடுகளுக்குத் தனிச் சான்று தருகிறது. கனடா, நியூசிலாந்துச் சான்றுகளோடு அங்கே வேலை செய்பவர்களும் உண்டு. ஸ்கீ பயிற்றுநர் வேறு, கைடு வேறு. பயிற்றுநர் எவ்வளவு அழகாகச் சறுக்கினாலும், பனியாற்றில் கூட்டிப்போகும் தகுதி அவருக்கு இல்லை. சமூக ஊடகத்தில் நல்ல வீடியோ போடும் நண்பரின் நண்பர் பாதி விலைக்குக் கூட்டிப்போகிறேன் என்றால், கும்பிடு போட்டுவிட்டு விலகிவிடுங்கள்.

பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டியவை: ஒரு கைடுக்கு எத்தனை பேர் (ஆறு பேருக்குள் இருந்தால் நல்லது), அந்நியர்களோடு சேர்ப்பீர்களா, பாதுகாப்புக் கருவிகள் கட்டணத்தில் அடங்குமா, லிஃப்ட் பாஸ் யார் செலவு, வானிலையால் நிறுத்தினால் பணம் என்னாகும். கடைசிக் கேள்விக்குத்தான் ஊருக்கு ஊர் பதில் மாறும். சிலர் வேறு நாள் தருவார்கள், சிலர் பாதி திருப்புவார்கள், சிலர் அன்றைக்கு ரிசார்ட்டுக்குள் சறுக்கவைத்து முழுக் கட்டணமும் எடுத்துக்கொள்வார்கள். எதுவும் தப்பில்லை, முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

ஆறு நாள் பயணமென்றால் கைடை இரண்டு அல்லது மூன்று நாளுக்குப் போடுங்கள். முதல் நாளை விட்டுவிடுங்கள். அது கால் திரும்பப் பழகும் நாள். கைடு நாட்களுக்கு நடுவில் ஒரு நாள் இடைவெளி இருந்தால் வானிலை கெட்டாலும் மாற்றிக்கொள்ளலாம்.

4. கடப்பிதழ், விசா, இதர காகிதங்கள்

சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஜப்பானுக்கும் பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கும் சுற்றுலா விசா தேவையில்லை. இரண்டு இடத்திலும் 90 நாள் வரை தங்கலாம். கடப்பிதழில் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ரிசர்விஸ்ட் இருப்பவர்கள் கைடுக்கு முன்பணம் கட்டுமுன் அழைப்புத் தேதிகளைச் சரிபாருங்கள்.

இந்தியக் கடப்பிதழோடு நிரந்தரவாசியாகவோ வேலை அனுமதியிலோ இருப்பவர்களுக்குத்தான் வேலை அதிகம். ஜப்பானுக்குச் சிங்கப்பூரில் வசிப்பவர்கள் இணையம் வழியாக மின்விசா எடுக்க முடியும். அதில் ஒரு பொறி இருக்கிறது: மின்விசாவை விமான நிலையத்தில் இணைய இணைப்போடு கைபேசித் திரையில் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டோ அச்சடித்த தாளோ எடுபடாது. சாங்கியில் பிரச்சினை இல்லை. வழியில் வேறு ஊரில் விமானம் மாறுகிறவர்கள் ரோமிங்கோ இ-சிம்மோ தயாராக வைத்திருங்கள்.

ஷெங்கனுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள் என்பார்கள், ஆனால் நேர்காணலுக்கு இடம் கிடைப்பதே பெரும்பாடு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவை மையத்தின் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். அதிக இரவு தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்: ஜெனீவாவில் இறங்கி ஷாமொனியில் தங்கினால் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து இல்லை. நிரந்தரவாசிகள் தங்கள் மறுநுழைவு அனுமதி காலாவதியாகவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதை மறந்தால் போவது சுலபம், திரும்புவதுதான் கஷ்டம்.

கிளம்புமுன் வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் பயணத்தைப் பதிவுசெய்யுங்கள். இரண்டு நிமிட வேலை.

5. காப்பீடு: சின்ன எழுத்தைப் படியுங்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் தொடங்கினேன்.

சிங்கப்பூரில் விற்கும் பயணக் காப்பீடுகளில் பலவற்றின் விளம்பரத்தில் பனிச்சறுக்குப் படம் இருக்கும். திட்ட விவரத்தின் விலக்குகள் பகுதிக்குப் போனால் வேறு கதை. "குறிக்கப்பட்ட பாதைகளில் மட்டும்", "ரிசார்ட் எல்லைக்குள் மட்டும்", "உரிமம் பெற்ற கைடு உடனிருந்தால் மட்டும்" என்று மூன்று விதமான வாசகங்கள் வரும். மூன்றுக்கும் பொருள் வேறு. முதலாவது உங்களுக்குப் பயனே இல்லை. இரண்டாவது, நிசேகோ வாசலைத் தாண்டிய நொடியில் முடிந்துவிடும். மூன்றாவதுதான் தேவை, அதிலும் "உரிமம் பெற்ற" என்பதற்குக் கைடின் சான்று எண் வேண்டுமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். ஒரு நிறுவனத்தின் சேவை மையத்தில் "ஸ்கீயிங் கவர் ஆகும் சார்" என்று உற்சாகமாகச் சொன்னார்கள். அதே கேள்வியை, கைடோடு ரிசார்ட் எல்லைக்கு வெளியே என்று இடத்தையும் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேட்டபோது மூன்று நாள் கழித்து வந்த பதில், ஆகாது. சொன்னவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவரிடம் இருந்த தாளில் அவ்வளவுதான் இருந்திருக்கும். மின்னஞ்சல் பதிலைத்தான் ஆதாரமாக நம்பலாம்.

அடுத்தது, மருத்துவ வெளியேற்றமும் தேடல்-மீட்பும் ஒன்றல்ல. முதலாவது, மருத்துவமனையிலிருந்து இன்னொரு மருத்துவமனைக்கோ சிங்கப்பூருக்கோ கொண்டுவருவது. மலையிலிருந்து கீழே கொண்டுவருவது இரண்டாவது. பல திட்டங்களில் முதலாவதுக்குப் பெரிய தொகையும் இரண்டாவதுக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். ஜப்பானில் ரிசார்ட்டுக்கு வெளியே நடக்கும் தேடல் செலவை உங்களிடமே வசூலிக்கலாம். உயர வரம்பையும் பாருங்கள்; 3,000 மீட்டருக்கு மேல் இல்லை என்று எழுதியிருந்தால் வாலே பிளான்ஷ் வெளியே போய்விடும். கடன் அட்டையோடு இலவசமாக வரும் காப்பீடு இதற்கெல்லாம் ஆகாது.

இடைவெளியை நிரப்ப அங்கேயே சில வழிகள் உண்டு. பிரான்ஸில் லிஃப்ட் பாஸ் வாங்கும்போது நாளுக்குச் சில யூரோ கூடக் கொடுத்தால் காரே நெஜ் என்ற காப்பீடு சேரும். அது ஆஃப்-பிஸ்ட் மீட்பையும் உள்ளடக்கியது. ஆஸ்திரிய ஆல்பைன் சங்கத்தில் உறுப்பினரானால் மலை மீட்புச் செலவுக்கு உலகெங்கும் காப்பு கிடைக்கிறது. வெளிநாட்டினரும் சேரலாம். இவை மருத்துவமனைச் செலவு முழுவதற்கும் ஈடாகாது. சிங்கப்பூர்த் திட்டத்தின் மேல் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டை வாங்க வேண்டிய நாள், கைடுக்கு முன்பணம் கட்டும் நாள். அப்போதுதான் இடையில் நீங்கள் கால் சுளுக்கிப் பயணத்தையே ரத்து செய்தாலும் கைக்குக் கொஞ்சம் வரும். இதற்குப் பிறகு டிக்கெட் போடுங்கள். முடிந்தால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்.

6. எவ்வளவு ஆகும்

நிசேகோவில் குழுவோடு சேர்ந்து போகும் கைடு நாளுக்குத் தலைக்குச் சுமார் 25,000 முதல் 40,000 யென். தனிக் கைடு என்றால் ஒரு லட்சம் யென்னுக்கு மேல். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்தால் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், சுதந்திரம் மிச்சம். ஒரு நாள் லிஃப்ட் பாஸ் 10,000 யென்னைத் தாண்டும். ஷாமொனியில் தனிக் கைடுக்கு நாளுக்கு 400 யூரோவுக்கு மேல் எடுத்துவையுங்கள். கேபிள் கார் தனி.

விமானம், பகிர்ந்த அறை, மூன்று கைடு நாள், வாடகைக் கருவி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு வார நிசேகோவுக்குத் தலைக்கு 5,000 சிங்கப்பூர் வெள்ளியை ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனப் புத்தாண்டு வாரமென்றால் அதோடு நிற்காது. மலிவாக்க வேண்டுமானால் விடுதியில் குறையுங்கள், கிராமத்தின் மையத்திலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி எடுங்கள். கைடிலும் காப்பீட்டிலும் கை வைக்காதீர்கள்.

யென்னை ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேடிலோ முஸ்தஃபாவிலோ கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவாருங்கள். கிராமத்துச் சின்னக் கடைகள் சிலவற்றில் ரொக்கம்தான் நடக்கும்.

7. பீக்கன், ப்ரோப், மண்வாரி

இந்த மூன்றும் இல்லாமல் எந்த நல்ல கைடும் கூட்டிப்போக மாட்டார். பீக்கன் மார்பில் கட்டிக்கொள்ளும் சின்னக் கருவி. 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றுவார்கள். ப்ரோப் என்பது மடக்கிவைத்த நீளக் கம்பி, 240 சென்டிமீட்டருக்குக் குறையாமல். மண்வாரியின் தகடு உலோகமாக இருக்க வேண்டும். பனிச்சரிவு நின்ற கணமே பனி கெட்டியாக இறுகிவிடும், பிளாஸ்டிக் உடைந்துபோகும்.

முழுதாகப் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு மளமளவென்று சரிகிறது. ஹெலிகாப்டர் அதற்குள் வராது. உங்களைத் தோண்டி எடுக்கப்போவது பக்கத்தில் நிற்கும் நண்பர்தான், கைடு புதைந்தால் தோண்டப்போவது நீங்கள்தான். அதனால் பயிற்சியை ஊரிலேயே முடித்துக்கொண்டு போங்கள். பீக்கன் வேலை செய்யப் பனி தேவையில்லை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா மணலில் காலையில் ஆள் வருமுன் ஒரு பையில் பீக்கனைப் போட்டு ஒருவர் புதைக்கட்டும், மற்றவர் தேடட்டும். திரையில் அம்புக்குறியும் எண்ணும் வரும். எண் 30, 24, 17 என்று குறையும்போது ஓடலாம். 3 மீட்டருக்குள் வந்ததும் மெதுவாகி, கருவியைத் தரையோடு ஒட்டிப் பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்தி, மிகக் குறைந்த எண் வரும் இடத்தை அடையாளம் வையுங்கள். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் எல்லாரும் அவசரப்பட்டுத் தவறவிடுவார்கள். அங்கிருந்து ப்ரோப்பை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள்வட்டமாகக் குத்திக்கொண்டே வாருங்கள். தட்டுப்பட்டால் வெளியே எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்ட வேண்டும். பூங்காவில் நீளக் கம்பியோடு சுற்றினால் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள், சொல்லிவிடுங்கள்.

கைபேசி பீக்கனைக் குழப்பும். சாதாரண நேரத்தில் 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சூடேற்றும் கையுறை, காந்தப் பொத்தான் வைத்த ஜாக்கெட் இவையும் அப்படித்தான். மின்கலம் கருவியின் கையேடு சொல்லும் வகையில்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஆல்கலைன், ரீசார்ஜ் வகை கூடாது. சீசன் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். ஜாக்கெட்டில் தைத்திருக்கும் ரெக்கோ பட்டை மீட்புக் குழுவின் தேடுகருவிக்கு மட்டுமே பதில் தரும். பீக்கனுக்கு அது மாற்றில்லை.

மூன்றையும் கைடு நிறுவனமே வாடகைக்குத் தரும், முதல் பயணத்துக்கு வாங்க வேண்டாம். ஏர்பேக் பையும் (பனிச்சரிவில் காற்று நிரம்பி ஆளை மேலே மிதக்கவைக்க உதவும் முதுகுப்பை) அங்கேயே வாடகைக்கு எடுங்கள். அழுத்த வாயு உருளையோடு சொந்தமாகக் கொண்டுபோவதானால் ஆளுக்கு ஒன்று வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு போகலாம். அனுமதியை அச்சடித்துக் கையில் வையுங்கள்.

8. உடையும் பூட்ஸும்

நம் ஊர் ஈரம் செய்யும் வேலையைக் கவனியுங்கள். இரண்டு வருடம் ஸ்டோர் ரூமில் தூங்கிய ஜாக்கெட்டின் உள்ளே தையல் நாடா உரிந்து தொங்கும். பூட்ஸ் அடிப்பாகம் பிஸ்கட்டாக உதிரும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வெளியே எடுத்து வளைத்துப் பாருங்கள். மலைமேல் அடிப்பாகம் கழன்றால் அன்றைய நாள் அதோடு சரி.

உடையை மெல்லிய அடுக்குகளாக வையுங்கள். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவே ஃபிளீஸ், வெளியே நீர்புகா ஜாக்கெட். பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாமல் குளிரெடுக்கும். ஆர்ச்சர்டு ரோட்டில் விற்கும் தடித்த பஃபர் ஜாக்கெட் கிராமத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் போகத்தான் ஆகும். டெக்காத்லானில் முக்கால்வாசி கிடைத்துவிடும். சாக்ஸ் ஒன்றே ஒன்று, மெல்லியதாக. குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் ரத்தவோட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் உறையும்.

ஸ்கீயை அங்கே எடுங்கள், இடுப்பகலம் 100 மில்லிமீட்டருக்கு மேல். பூட்ஸை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்வது நல்லது. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடிக்கு மேல் அணியும் கோகிள்ஸ் கேட்டு வாங்குங்கள்.

9. உடம்பு

எட்டு வாரம் போதும். ஸ்கீயில் வலிப்பது இறங்கும்போது தாங்கும் தொடைத்தசை. அதற்குப் படியேறுவதைவிடப் படியிறங்குவது நல்ல பயிற்சி. வீவக அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கியில் மேலே போய்ப் படியில் இறங்குங்கள், முதுகில் பத்துக் கிலோ அரிசிப் பையோடு. வார இறுதியில் புக்கிட் தீமா. அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

10. மூட்டை, மாத்திரை, சாப்பாடு

சூடோஎஃபெட்ரின் அதிகம் கலந்த மூக்கடைப்பு மாத்திரைகளை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. இங்கே சளிக்கு மருந்துக்கடையில் சாதாரணமாகக் கொடுப்பவற்றில் அது இருக்கும், அட்டையைப் படியுங்கள். இறைச்சிப் பொருள்களும் கூடாது, கோழித்துண்டு போட்ட கப் நூடுல்ஸ் உட்பட. சைவர்கள் தேக்காவில் புளியோதரைப் பொடியும் தொக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜப்பானியச் சூப்பில் மீன்சாறு பெரும்பாலும் இருக்கும்.

மலையில் தின்ன சட்டைப்பையில் எதை வைப்பது? சாக்லேட் கல்லாகி, பல்லை உடைக்கும். கடலை மிட்டாய் அந்தக் குளிரிலும் கடிபடும்.

பெரிய பெட்டிகளை விமான நிலையத்திலிருந்தே தக்யூபின் சேவையில் விடுதிக்கு அனுப்பிவிடலாம், பெரும்பாலும் மறுநாள் வந்துவிடும். முதல் நாள் உடுப்பைக் கைப்பையில் வையுங்கள். நுழைவுக்கான படிவத்தை விசிட் ஜப்பான் வெப்பில் சாங்கியிலேயே நிரப்பி முடியுங்கள்.

11. கைடோடு முதல் காலை

லிஃப்ட் அடியில் கைடு ஒவ்வொருவரின் பீக்கனையும் சோதிப்பார். முதல் இறக்கம் பிஸ்ட்டிலேயே இருக்கும், அது உங்களைப் பார்ப்பதற்காக. அன்றைய பனிச்சரிவு அறிக்கையைச் சொல்வார். ஐந்து படி அளவுகோலில் மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று நினைக்காதீர்கள், உயிரிழப்புகள் அதிகம் நடப்பது அந்த மூன்றில்தான். நான்கு, ஐந்தில் பெரும்பாலும் ஆட்கள் வெளியே போவதில்லை. கைடு வேண்டாம் என்ற சரிவைப் பற்றி விவாதிக்காதீர்கள். ஏன் என்று கேட்டால் விளக்குவார், அதுவே நல்ல பாடம்.

நில் என்ற இடத்தில் நில்லுங்கள், அவருக்குக் கீழே போகாதீர்கள். ஒருவர் பின் ஒருவராக இறங்கச் சொன்னால் முன்னவர் போய்ச் சேர்ந்ததும்தான் கிளம்ப வேண்டும். மரங்களுக்கு நடுவே கோலின் வாரை மணிக்கட்டில் மாட்டாதீர்கள். ஜப்பானின் ஆழப்பனியில் மரத்தடியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத குழி இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக ஏறி வர முடியாது. ஜோடி போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் பார்வையில் வையுங்கள், கழுத்தில் விசில் தொங்கட்டும்.

அடிபட்டால் அன்றே மருத்துவரிடம் போய் எழுத்துபூர்வமான அறிக்கை, ரசீது, கைடின் பெயர், சான்று எண், ரோந்துக் குழுவின் பதிவு எல்லாவற்றையும் வாங்கிப் படமெடுத்து வையுங்கள். ஜப்பானிய மொழியில் இருந்தாலும் பரவாயில்லை, மொழிபெயர்ப்பைச் சிங்கப்பூரில் பார்த்துக்கொள்ளலாம். பல திட்டங்களில் சம்பவத்திலிருந்து 30 நாளுக்குள் உரிமை கோரச் சொல்வார்கள், ஊர் வந்து அசதியில் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் டிப்ஸ்: ஜப்பானில் எதிர்பார்ப்பதில்லை, மாலையில் ஒரு பியரோ காபியோ வாங்கிக்கொடுத்தால் போதும். ஆல்ப்ஸில் நாள் நன்றாகப் போனால் கொடுப்பது வழக்கம்.